இயக்கவியல் உராய்வும் பிளாஸ்மா வெப்பமூட்டலும்: சந்திரசேகரின் 1943ஆம் ஆண்டுக் கோட்பாடு இணைவு உலைகளை அடைந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சுப்ரமணியன் சந்திரசேகரைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பு, 1935இல் எடிங்டனோடு நேர்ந்த மோதல், 1983ஆம் ஆண்டு நோபல் பரிசு ஆகிய மூன்றையே சுற்றி வருகின்றன. விண்மீன் கூட்டங்களுக்காக அவர் 1943இல் வகுத்த 'இயக்கவியல் உராய்வு' என்னும் கோட்பாடு, அணுக்கரு இணைவு உலைகளில் பிளாஸ்மாவைச் சூடாக்கும் கணக்கீடுகளுக்குள் நுழைந்த வரலாறு அதிகம் பேசப்படவில்லை. மின்தடை வெப்பமூட்டலின் எல்லையும் நடுநிலைக் கற்றை வெப்பமூட்டலின் வெற்றியும் அவ்வுராய்வின் இரு வேறு விளைவுகளே என்பதையும், இப்பங்களிப்பில் சந்திரசேகருக்கு உரியது எது, உரியதன்று எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சந்திரசேகர், இயக்கவியல் உராய்வு, பிளாஸ்மா, டோகமாக், நடுநிலைக் கற்றை, லைமன் ஸ்பிட்சர், மயிலாப்பூர்

முன்னுரை

பிளாஸ்மா இயற்பியல் பாடநூல்களில் துகள் மோதல்களைப் பற்றிய இயலைத் திறந்தால் 'சந்திரசேகர் சார்பு' என்னும் பெயர் தவறாமல் எதிர்ப்படும். வேகமாகச் செல்லும் ஒரு மின்னூட்டத் துகளைச் சூழ்ந்துள்ள துகள்கள் எவ்வளவு தடுக்கின்றன என்பதைத் தரும் கணிதச் சார்பு அது. அப்பெயரைத் தாங்கியவர் இணைவு உலை எதையும் கட்டியவர் அல்லர்; அந்தச் சார்பைக் கையாண்ட 1943இல் அவருடைய மனத்தில் இருந்தவை விண்மீன்கள் மட்டுமே. அவ்வாறிருக்க, அவருடைய பெயர் உலைக் கணக்கீட்டுக்குள் எவ்வாறு வந்தது?

இவ்வினாவுக்கு விடை காண்பதில் ஒரு தடை உண்டு. தமிழில் அறிவியல் வரலாறு எழுதும்போது, நம்மவர் ஒருவரின் பெயர் ஒரு கருத்தோடு சேர்ந்திருந்தால் அக்கருத்து முழுவதையும் அவருக்கே எழுதிவைத்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதற்கு நேர்மாறாக, பெயரைக் குறிப்பிட்டுவிட்டு உள்ளடக்கத்தைத் தொடாமலே கடந்துசெல்வதும் நிகழ்கிறது. இரண்டையும் தவிர்க்க வேண்டுமாயின் இயற்பியலுக்குள் சற்று இறங்கியே ஆக வேண்டும். கணிதக் குறியீடுகள் இல்லாமல் அதைச் செய்ய இக்கட்டுரை முயல்கிறது.

சென்னைப் பருவம்

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் இரயில்வே தணிக்கைத் துறையில் உயர் அலுவலர், சி. வி. இராமனின் தமையனார். தாயார் சீதாலட்சுமி இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். 1918இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. மயிலாப்பூரில் அன்று எட்வர்டு எலியட்ஸ் சாலை என்றும் இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை என்றும் வழங்கும் தெருவில் இருந்த 'சந்திர விலாஸ்' அக்குடும்பத்தின் இல்லம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் 1930 வரை மாநிலக் கல்லூரியிலும் அவர் பயின்றார். கணிதம் படிக்க விரும்பியவரைத் தந்தையின் விருப்பம் இயற்பியல் சிறப்புப் பாடத்தில் சேர்த்தது. கணிதத்தின்மீது அவருக்கிருந்த பற்று அதனால் குறையவில்லை என்பதற்கு அவருடைய பிற்காலப் பணி முழுவதுமே சான்று.

1928இல் ஆர்னால்டு சொம்மர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய அணுக் கட்டமைப்பு நூலைக் கற்றுத் தேர்ந்திருந்த மாணவர் சந்திரசேகர் அவரைச் சந்தித்தபோது, அந்நூலிலுள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்ற செய்தி கிடைத்தது. உலோகங்களில் எலக்ட்ரான்களின் நடத்தை குறித்துத் தாம் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படியையும் சொம்மர்ஃபெல்டு கொடுத்தார். அதிலிருந்த புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டே சந்திரசேகர் தம் முதல் முக்கியக் கட்டுரையை எழுதினார். அது 1929இல் இலண்டன் அரசக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதே 1928ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் அயனியாக்கப்பட்ட வளிமத்துக்குப் 'பிளாஸ்மா' என்ற பெயரைச் சூட்டினார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு எதுவுமில்லை. ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயலே. எனினும், பெருந்திரளான துகள்களைப் புள்ளியியலால் அணுகும் பழக்கம் சந்திரசேகருக்குச் சென்னையிலேயே அமைந்துவிட்டது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1943இல் அவர் செய்ததும் அவ்வகைப் பணியே.

1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறிய கதையும் அதற்குப் பின் நடந்தனவும் நன்கறியப்பட்டவை. கேம்பிரிட்ஜில் ஆறாண்டுகள் கழித்து, 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானோக்ககத்தில் பணியாற்றத் தொடங்கினார்.

கார்த்திகை மீன்களும் உராய்வும்

ஒரு கூட்டத்தில் உள்ள விண்மீன் மற்ற எல்லா விண்மீன்களாலும் ஈர்க்கப்படுகிறது. மிக நெருங்கிய சந்திப்புகள் அரியவை. தொலைவிலிருந்து வரும் சிறு இழுப்புகளோ கணக்கற்றவை. இச்சிறு இழுப்புகளால் விண்மீனின் வேகம் சீரற்று ஏறியிறங்கும். நீரில் மிதக்கும் மகரந்தத் துகள் மூலக்கூறுகளால் இடிபட்டு அலைவதைப் போன்றது இது. இவ்வலைவு மட்டுமே உண்மையாயின் ஒவ்வொரு விண்மீனின் வேகமும் காலப்போக்கில் எல்லையின்றிப் பெருகும். கூட்டம் விரைவிலேயே கலைந்துபோகும். மகரந்தத் துகள் அவ்வாறு வேகமெடுக்காததற்குக் காரணம், இடிக்கும் அதே மூலக்கூறுகள் அதைத் தடுக்கவும் செய்வதே. விண்மீன்களுக்கும் அத்தகைய தடை ஒன்று இருந்தாக வேண்டும் என்று சந்திரசேகர் உணர்ந்தார். அதற்கு 'இயக்கவியல் உராய்வு' எனப் பெயரிட்டு, வானியற்பியல் இதழில் 1943இல் தொடர்ச்சியாக மூன்று கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் இரண்டாவது, கூட்டங்களிலிருந்து விண்மீன்கள் தப்பிச்செல்லும் வீதத்தைப் பற்றியது. அதில் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நாம் கார்த்திகை என்றும் ஆரல் என்றும் அழைக்கும் மீன் கூட்டம். உராய்வைக் கணக்கில் சேர்த்தால்தான் அக்கூட்டம் நீண்டகாலம் கலையாமல் நிலைத்திருப்பதை விளக்க முடிந்தது.

இங்கே 'உராய்வு' என்ற சொல் நம்மைச் சற்றுத் திசைதிருப்பக்கூடும். தமிழில் உராய்தல் என்றால் தொடுதல் உண்டு. இங்கே எதுவும் எதையும் தொடுவதில்லை. இதனினும் பெரிய வேறுபாடு, இவ்வுராய்வு வேகத்தோடு மாறும் முறையில் உள்ளது. சந்திரசேகர் கண்ட முக்கிய முடிவு இது: ஒரு விண்மீனின் உராய்வுக்கு, அதனினும் மெதுவாகச் செல்லும் விண்மீன்களே பங்களிக்கின்றன. ஆகவே மிக மெதுவாகச் செல்லும் விண்மீனுக்கு உராய்வு குறைவு, அதனினும் மெதுவானவை சிலவே இருப்பதால். வேகம் கூடக்கூட உராய்வும் கூடும். ஆனால் சுற்றியுள்ள எல்லாவற்றையும்விட அது வேகமாகிவிட்டால், பங்களிக்கப் புதியவர் எவரும் எஞ்சியிரார். ஒவ்வொன்றையும் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரமோ குறைந்துகொண்டே வரும். எனவே உராய்வு ஓர் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் வேகத்தின் இருமடிக்கு எதிர்விகிதமாக வீழ்ந்துவிடும்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பண்டிகைக் காலத்தில் நடந்தவர்க்கு இதற்கு நேரெதிரான அனுபவமே வாய்த்திருக்கும்: அங்கே விரைந்து செல்ல முயலுபவரே மிகுதியாக இடிபடுவார். விண்மீன் கூட்டம் அத்தகைய நெரிசலன்று. அங்கே வேகமே விடுதலை தருகிறது. இவ்வேற்றத்தாழ்வைக் குறிக்கும் வளைகோடே, சற்று மாறிய வடிவில், பின்னர் 'சந்திரசேகர் சார்பு' என வழங்கலாயிற்று. துகளின் வேகம் சூழ்ந்துள்ள துகள்களின் வெப்ப வேகத்துக்கு ஏறக்குறைய சமமாகும்போது அது தன் உச்ச மதிப்பான 0.214ஐ அடைகிறது.

அதே 1943இல், இயற்பியலிலும் வானியலிலும் எதிர்ப்படும் தற்செயல் நிகழ்வுச் சிக்கல்கள் குறித்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை 'நவீன இயற்பியல் மதிப்புரைகள்' இதழில் வெளிவந்தது. உராய்வும் அலைவும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்பதை வேதியியலார் முதல் வானியலார் வரை அனைவரும் கற்றுக்கொண்ட பாடநூலாக அக்கட்டுரை விளங்கியது.

ஸ்பிட்சரின் கையில்

ஈர்ப்பு விசையும் மின்னூட்டங்களுக்கிடையேயான விசையும் ஒரே கணித வடிவம் உடையவை. இரண்டும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதமானவை. எனவே விண்மீன்களுக்கு எழுதிய கணக்கு, தகுந்த மாற்றங்களோடு அயனிகளுக்கும் எலக்ட்ரான்களுக்கும் பொருந்தும். இதைக் கண்டு செயல்படுத்தியவர் லைமன் ஸ்பிட்சர். அவரும் விண்மீன் கூட்டங்களின் கலைவை ஆராய்ந்த வானியற்பியலாளரே. சந்திரசேகரின் கட்டுரைகள் அவருக்கு அயலானவை அல்ல. 1950இல் கோஹன், ரௌட்லி ஆகியோருடன் சேர்ந்து அயனியாக்கப்பட்ட வளிமத்தின் மின்கடத்துத்திறனைக் கணக்கிட்டபோது, தொலைவிலிருந்து நிகழும் பல சிறு மோதல்களே சில நெருங்கிய மோதல்களைவிட முக்கியமானவை என்ற கொள்கையை அவர் அடிப்படையாகக் கொண்டார். 1951இல் பிரின்ஸ்டனில் இணைவு ஆய்வைத் தொடங்கி 'ஸ்டெல்லரேட்டர்' என்ற கருவியை முன்மொழிந்தவரும் அவரே. 1956இல் வெளிவந்த 'முழுதும் அயனியாக்கப்பட்ட வளிமங்களின் இயற்பியல்' என்னும் அவருடைய சிறு நூலில் சந்திரசேகரின் சார்பு இடம்பெற்றது. அந்நூலைக் கற்றே ஒரு தலைமுறை இணைவு ஆய்வாளர்கள் உருவாயினர்.

ஆக, கார்த்திகை மீன்களிலிருந்து உலைக்குச் சென்ற வழி பிரின்ஸ்டன் வழியாகவே சென்றது. சென்னை வழியாகவோ சிகாகோ வழியாகவோ அன்று.

மின்தடை வெப்பத்தின் எல்லை

டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்து பயன்தரும் ஆற்றல் வெளிப்பட வேண்டுமானால் பிளாஸ்மா 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். அதைச் சூடாக்க எளிய வழி, மின்னடுப்பின் கம்பிச் சுருளில் நடப்பதைப் போல அதனூடே மின்னோட்டம் செலுத்துவது. டோகமாக் எனப்படும் வளைய வடிவக் கருவியில் பிளாஸ்மாவைக் கட்டிவைக்க எப்படியும் மின்னோட்டம் தேவைப்படுவதால் இவ்வெப்பம் தானாகவே கிடைத்துவிடும்.

ஆனால் மின்தடை என்பது எலக்ட்ரான்களுக்கும் அயனிகளுக்கும் இடையிலான உராய்வே. வேகம் மிகுந்தால் உராய்வு குறையும் என்ற விதி இங்கே தடையாகிறது. பிளாஸ்மா சூடாகச் சூடாக எலக்ட்ரான்கள் விரைவடைகின்றன, உராய்வு குறைகிறது, வெப்பம் உண்டாவதும் குறைகிறது. வெப்பநிலை 4 மடங்கு உயர்ந்தால் மின்தடை 8இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஏறத்தாழ 1.6 கோடி டிகிரியில் ஹைட்ரஜன் பிளாஸ்மா செம்பைப் போன்றே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். செம்புக் கம்பியால் அடுப்பு செய்வார் உண்டோ?

அப்படியானால் மின்புலத்தைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அதற்கும் அதே வளைகோடு மறுப்புச் சொல்கிறது. உராய்வுக்கு ஓர் உச்சம் இருப்பதால், அவ்வுச்சத்தைத் தாண்டிய எலக்ட்ரானை மின்புலம் மேலும் மேலும் விரைவுபடுத்தும். தடுக்க எதுவும் இராது. இவ்வாறு 'ஓடிவிடும் எலக்ட்ரான்கள்' தோன்றுவதற்கான நிபந்தனையை 1959இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஹாரி டிரைசர் வகுத்துக் காட்டினார். எல்லா எலக்ட்ரான்களும் ஓடிவிடும் நிலைக்குரிய மின்புலத்தை அச்சார்பின் உச்ச மதிப்பே தீர்மானிக்கிறது. பிரான்சில் கட்டப்படும் பன்னாட்டு உலையான ஈட்டரில், பிளாஸ்மா திடீரெனக் குலையும்போது இத்தகைய எலக்ட்ரான்கள் சுவரைத் துளைத்துவிடாமல் காப்பது இன்றும் பெருங்கவலைகளுள் ஒன்று.

1958ஆம் ஆண்டின் பாடம்

உராய்வுக் கணக்கு ஒரு பொய்யான வெற்றியைக் கேள்விக்குள்ளாக்கிய நிகழ்வும் உண்டு. 1958 ஜனவரியில் பிரிட்டன் தன் 'சீட்டா' கருவியில் வெப்ப இணைவால் நியூட்ரான்கள் தோன்றியதாக உலகுக்கு அறிவித்தது. சர் ஜான் காக்கிராஃப்டு செய்தியாளர்களிடம் தம் நம்பிக்கையை 90 விழுக்காடு என்றார். அந்த அறிவிப்போடு ஒரே நேரத்தில் வெளிவந்த கட்டுரையில் ஸ்பிட்சர் ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார்: மின்னோட்டம் முதலில் எலக்ட்ரான்களையே சூடாக்கும், எலக்ட்ரான்கள் மோதல்களால் அயனிகளுக்கு வெப்பத்தைக் கைமாற்றும் வீதம் கணக்கிடத்தக்கது, சீட்டாவில் கண்டதாகச் சொல்லப்பட்ட அயனி வெப்பத்தை அவ்வீதத்தால் விளக்க இயலாது. அதே ஆண்டு மே மாதத்தில் பிரிட்டன் தன் உரிமைகோரலைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவிலும் அக்காலத்தில் நம்பிக்கை மேலோங்கியிருந்தது. 1955இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, இணைவாற்றலைக் கட்டுப்படுத்தும் வழி இருபதாண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்று கணித்திருந்தார். அக்கணிப்பு பொய்த்ததற்குக் காரணங்கள் பல. பிளாஸ்மாவைச் சூடாக்குவது எண்ணியதைவிடக் கடினம் என்பது அவற்றுள் ஒன்று.

நடுநிலைக் கற்றை: உராய்வே உதவியாதல்

மின்னோட்டத்தால் முடியாததைப் புறவழியில் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு வழி, எலக்ட்ரான்களோ அயனிகளோ காந்தப்புலத்தில் சுழலும் அதிர்வெண்ணுக்கு ஒத்த மின்காந்த அலைகளைச் செலுத்துவது. மற்றொரு வழி நடுநிலைக் கற்றை. ஹைட்ரஜன் அல்லது டியூட்டீரிய அயனிகளை மின்புலத்தால் விரைவுபடுத்தி, மின்னூட்டத்தை நீக்கி நடுநிலை அணுக்களாக்கி, உலைக்குள் பாய்ச்சுவர். மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் அவற்றைத் திருப்பிவிடாது. உள்ளே சென்றதும் அவை மீண்டும் அயனிகளாகிச் சிக்கிக்கொள்ளும். அதன்பின் அவை தம் ஆற்றலைப் பிளாஸ்மாவுக்குக் கொடுப்பது உராய்வின் வழியாகவே.

இவ்விடத்தில்தான் சந்திரசேகரின் வளைகோட்டின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. கற்றை அயனி பிளாஸ்மாவின் எலக்ட்ரான்களைவிட மிக மெதுவானது. ஆகவே எலக்ட்ரான்களைப் பொறுத்தவரை அது வளைகோட்டின் தொடக்கத்தில் நிற்கிறது. அங்கே உராய்வு வேகத்துக்கு நேர்விகிதம். அதே அயனி பிளாஸ்மாவின் அயனிகளைவிட மிக வேகமானது. அவற்றைப் பொறுத்தவரை அது வளைகோட்டின் வீழும் முனையில் உள்ளது. அங்கே வேகம் குறையக் குறைய உராய்வு பெருகும். எனவே கற்றைத் துகள் உள்ளே நுழைந்தவுடன் பெரும்பாலும் எலக்ட்ரான்களையும், மெதுவான பின் பெரும்பாலும் அயனிகளையும் சூடாக்குகிறது. இவ்விரண்டும் சமமாகும் மாறுநிலை ஆற்றலைத் தாமஸ் ஸ்டிக்ஸ் 1972இல் தெளிவாக வரையறுத்தார். டியூட்டீரியக் கற்றைக்கு அது எலக்ட்ரான் வெப்பநிலையைப் போல ஏறத்தாழ 19 மடங்கு. இணைவது அயனிகளே ஆதலால், கற்றையின் ஆற்றலை அந்த அளவுக்குக் கீழே வைத்துக்கொள்வது அயனிகளை நேரடியாகச் சூடாக்க நல்லது.

1978இல் பிரின்ஸ்டனின் பி.எல்.டி. டோகமாக்கில் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலான கற்றைகளைச் செலுத்தியபோது அயனி வெப்பநிலை 6 கோடி டிகிரியை எட்டியது. உலைக்குத் தேவையான வெப்பம் எட்டக்கூடியதே என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். ஆனால் வெப்பமூட்டும் திறனைக் கூட்டக் கூட்டப் பிளாஸ்மா தன் வெப்பத்தைத் தக்கவைக்கும் காலம் குறைந்துகொண்டே வந்தது. இந்த ஏமாற்றத்துக்கு 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் கருவி ஒரு மாற்றைக் காட்டியது. கற்றை வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டியதும் பிளாஸ்மாவின் விளிம்பு தானே சீரடைந்து, தக்கவைப்புக் காலம் ஏறத்தாழ இருமடங்கானதை ஃபிரிட்ஸ் வாக்னர் குழுவினர் கண்டனர். இந்நிலையை எந்த உராய்வுக் கோட்பாடும் முன்னறிவிக்கவில்லை. பிளாஸ்மாவின் கொந்தளிப்பு வேறோர் உலகம்; அங்கே 1943ஆம் ஆண்டுக் கட்டுரைகள் உதவா.

இணைவு நிகழத் தொடங்கியபின் உராய்வு மீண்டும் நடுநாயகமாகிறது. ஒவ்வோர் இணைவிலும் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் நியூட்ரான் வெளியேறிவிட, 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய ஆல்ஃபா துகள் பிளாஸ்மாவுக்குள்ளேயே தங்குகிறது. அது மெல்ல மெல்ல எலக்ட்ரான்களோடு உராய்ந்து தன் ஆற்றலை இழப்பதே, உலை தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வழி. இங்கிலாந்தின் ஜெட் கருவி 1997இல் 16 மெகாவாட் இணைவுத் திறனையும், தன் இறுதி ஆண்டான 2023இல் 69 மெகாஜூல் ஆற்றலையும் தந்தது. ஈட்டரின் நடுநிலைக் கற்றை 10 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உடையது. பெரிய பிளாஸ்மாவின் மையத்தை எட்ட அவ்வளவு தேவை. அது மாறுநிலை ஆற்றலுக்கு மிக மேலே இருப்பதால் முதலில் எலக்ட்ரான்களையே சூடாக்கும்.

சிகாகோ வகுப்பறை

சந்திரசேகர் பிளாஸ்மாவை நேரடியாகவும் தொட்டார். 1950களில் என்ரிக்கோ ஃபெர்மியோடு நடத்திய உரையாடல்கள் அவரைக் காந்தப்புலங்களின் பக்கம் திருப்பின. இருவரும் 1953இல் கூட்டாகக் கட்டுரைகள் வெளியிட்டனர். 1957இல் கெண்டலுடன் சேர்ந்து, மின்னோட்டமும் காந்தப்புலமும் ஒரே திசையில் அமைந்து விசையற்றுப்போகும் புலங்களுக்கான தீர்வுகளைக் கண்டார். 1974இல் பிரையன் டெய்லர், சீட்டா வகைக் கருவிகளில் பிளாஸ்மா தானே அமைதியடைவதற்குத் தந்த விளக்கம் இத்தகைய புலங்களையே மையமாகக் கொண்டது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் காஃப்மன், வாட்சன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று, பிளாஸ்மா மின்னோட்டம் தன்னைத் தானே நெருக்கிக்கொள்ளும் அமைப்பின் நிலைப்புத்தன்மையை ஆராய்ந்தது. சிகாகோவில் அவர் நடத்திய பாடத்தை எஸ். கே. டிரெஹான் குறிப்பெடுத்துத் தொகுக்க, அது 'பிளாஸ்மா இயற்பியல்' என 1960இல் நூலாயிற்று. மறு ஆண்டே பாய்மங்களின் நிலைப்புத்தன்மை குறித்த அவருடைய பெருநூல் வந்தது. அதன்பின் அவர் வழக்கம்போல் அடுத்த துறைக்கு நகர்ந்துவிட்டார்.

எது அவருடையது

நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. மின்னூட்டத் துகள்களின் மோதலுக்கான இயக்கச் சமன்பாட்டை லெவ் லாண்டாவ் 1936இலேயே சோவியத் ஒன்றியத்தில் எழுதிவிட்டார். சந்திரசேகரின் உராய்வுக் கெழுவை லாண்டாவின் சமன்பாட்டிலிருந்தும் வருவிக்கலாம். 1957இல் ரோசன்புளூத், மெக்டொனால்டு, ஜட் ஆகியோர் இவ்விரு வழிகளையும் ஒரே பொது வடிவில் கொண்டுவந்தனர். ஆகவே சந்திரசேகர் இல்லையேல் பிளாஸ்மாவின் உராய்வு அறியப்பட்டே இராது எனக் கூறுவது வரலாற்றுப் பிழை. மின்தடையை வெப்பநிலையோடு இணைத்த சூத்திரத்துக்கு ஸ்பிட்சரின் பெயர் வழங்குவதே முறை.

எனினும், அலைவையும் உராய்வையும் பிரித்து, உராய்வுக்குத் தனிப் பெயரும் தனி வளைகோடும் தந்து, ஒரு துகளின் பயணத்தைப் பின்தொடரும் முறையில் கதையைச் சொன்னவர் சந்திரசேகர். கற்றை வெப்பமூட்டலைப் போன்ற சிக்கல்களில் ஆய்வாளர் கேட்கும் வினா, 'இந்தத் துகள் எங்கே, எவ்வளவு ஆற்றலை இழக்கும்' என்பதே. அவ்வினாவின் வடிவம் அவருடையது. சமன்பாடு ஒருவருடையதாகவும், அதைக் கொண்டு சிந்திக்கும் வழி மற்றொருவருடையதாகவும் இருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

வரலாற்றின் விந்தை ஒன்றையும் இங்கே குறிக்கலாம். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே விண்மீன்களின் ஆற்றலுக்கு மூலம் என்று 1920இல் கார்டிஃப் நகரில் முதன்முதலில் வலியுறுத்தியவர் எடிங்டன். 1935இல் சந்திரசேகரின் வரம்பைப் பொதுமேடையில் எள்ளிய அதே எடிங்டன்தான். இணைவு உலையின் முன்வரலாற்றில் இருவரும் அருகருகே நிற்கின்றனர்.

மயிலாப்பூர், தரமணி, காந்திநகர்

1962 ஜனவரி 3 அன்று சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, தொடக்க விழா மாநிலக் கல்லூரியில் நடந்தது. சந்திரசேகர் அதில் பங்கேற்றார். அந்நிறுவனத்தின் விதை மயிலாப்பூரில் அல்லாடி குடும்பத்தின் 'ஏகாம்ர நிவாஸ்' இல்லத்தில் நடந்த கருத்தரங்குகளில் ஊன்றப்பட்டது. அவற்றை நடத்திய அல்லாடி இராமகிருஷ்ணன், 1952இலேயே பால்வழியின் ஒளி ஏற்ற இறக்கம் குறித்த சந்திரசேகர்–முன்ச் சமன்பாட்டை ஆராய்ந்து கட்டுரை எழுதியவர். அதாவது தற்செயல் நிகழ்வுகளின் கணிதம் என்ற அதே மரபு, அதே மயிலாப்பூரில், ஒரு கல்வி நிறுவனமாக உருப்பெற்றது. பின்னர் அது அடையாறுக்குத் தெற்கே தரமணிக்கு இடம் மாறியது. ஆனால் அங்கே வளர்ந்தது கணிதமும் கோட்பாட்டு இயற்பியலும். உலைக்குள் பிளாஸ்மாவைச் சூடாக்கும் முயற்சி வேறிடத்தில் வேர்கொண்டது.

அவ்விடம் குஜராத். பிரின்ஸ்டனில் பணியாற்றித் திரும்பிய பிரதிமான் கிருஷ்ண காவ், அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1982இல் தொடங்கிய பிளாஸ்மா திட்டம் 1986இல் காந்திநகரில் தனி நிறுவனமாயிற்று. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட ஆதித்யா டோகமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. அதன் வளையத்தின் ஆரம் 75 செ.மீ.; பிளாஸ்மாவின் ஆரம் 25 செ.மீ. முதலில் மின்தடை வெப்பத்தை மட்டுமே நம்பியிருந்த அக்கருவியில் பின்னர் அலைவழி வெப்பமூட்டலும் சேர்க்கப்பட்டது. மீக்கடத்துக் காந்தங்களைக் கொண்ட எஸ்.எஸ்.டி.–1 கருவியில் 2013இல் முதல் பிளாஸ்மா தோன்றியது. ஈட்டருக்கு இந்தியா அளிக்கும் பொருள்களுள் அயனிகளைச் சூடாக்கும் வானொலி அலை மூலங்களும், பிளாஸ்மாவை உளவறியும் நடுநிலைக் கற்றை ஒன்றும் அடங்கும்.

ஆசிய பசிபிக் இயற்பியல் கழகங்களின் கூட்டமைப்பு 2014 முதல் பிளாஸ்மா இயற்பியலுக்கென ஆண்டுதோறும் பரிசு ஒன்று வழங்கிவருகிறது. அதற்குச் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரையே சூட்டியுள்ளனர். முதலாண்டில் அதைப் பெற்றவர் ஜப்பானின் செட்சுவோ இச்சிமாரு. 2015இல் பெற்றவர் பிரதிமான் காவ்.